ஓடாதவர் பேசக் கூடாது

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் வேறொருவர் பெயரில் கிடந்த நேரத்தில், நாங்கள் பேக்கரியின் பின்னறையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். சிரித்ததில் என் சத்தம்தான் பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று உச்சுக்கொட்ட வேண்டாம்.

எங்கள் ஓட்டக் கூட்டம் அப்படியொன்றும் பெரிதல்ல. பேக்கரிக்காரர் தலைவர், அவர் கடையின் பின்னறைதான் எங்கள் சங்கம். மாவு பிசைகிற நீளமான மேசை, சுவரோரம் அடுக்கிய மாவு மூட்டைகள், விடியற்காலையில் எரிந்த அடுப்பின் மிச்சச் சூடு. பந்தயம் முடிந்ததும் வேர்வை காயாத சட்டையோடு அங்கே போய் மூட்டைகள்மேல் உட்காருவோம். ஒவ்வொருவரும் தன் ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். கடைசியாக வந்தவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் பேசி முடிக்கிறவரை, வேகமாக ஓடி வந்த சூரர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. ஓடாதவர் பேசக் கூடாது, டீ ஊற்றலாம். ஆரம்பத்தில் எங்களோடு ஒட்டிக்கொண்டு சில சொந்தக்காரர்கள் வருவார்கள். பஸ் பிடிக்கக்கூட ஓடாதவர்கள் அவர்கள். ஒரு கையில் பன்னை வைத்துக்கொண்டு, மூச்சை எப்படி இழுக்க வேண்டும், காலை எப்படி ஊன்ற வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் பேக்கரிக்காரர் இந்த விதியைப் போட்டார். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கூட்டம் வைத்த பெயர் ரேடியோ. வேலை லிஃப்ட் மெக்கானிக். பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவார், ஓடியதைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் எடுப்பார். எந்த முனையில் நாய் துரத்தியது, தண்ணீர் நீட்டிய பெண் என்ன சொல்லித் திட்டினாள், தனக்கு முன்னால் ஓடிய ஆளுக்குக் கால்சட்டை எங்கே கிழிந்தது என்று ஒன்று விடமாட்டார். அந்தக் கால்சட்டைக் கதையைப் பல பந்தயங்களுக்கு ஓட்டினார். ஒவ்வொரு முறையும் கிழிசல் வளர்ந்துகொண்டே போனது.

நான் தையல்கடை வைத்திருப்பவள். கிழிசலைப் பற்றி என்னிடமா?

"ஏங்க, நீங்க சொல்ற அளவுக்குக் கிழிஞ்சா அதுக்குப் பேரு கால்சட்டை இல்ல, கொடி" என்றேன் ஒருநாள்.

"அதத்தாண்டி நானும் சொல்றேன். அந்தக் கொடியப் பாத்துக்கிட்டேதான் கடைசிவரைக்கும் ஓடுனேன்" என்றார். வயிறு புண்ணாகும்படி சிரித்தோம்.

போன வருஷம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேலே இயந்திர அறைக்குப் படியேறியே போனவர், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நல்லா நடக்கட்டும். ஓட மட்டும் கூடாதும்மா. இதுல பேரமே கிடையாது."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. ஒன்று தைப்பது, இன்னொன்று அவரைக் காப்பது. கம்பெனியில் அவரைப் படியேறவிடாமல் உதிரிபாகக் கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். வீட்டில் அவருடைய ஓட்டக் காலணிகளை நான் ஒளித்துவைத்தேன். சிவப்புப் பட்டை போட்டவை, அவர் பிறந்தநாளுக்கு நானே வாங்கித் தந்தவை. பையில் கட்டி, கடையில் வெட்டுத் துண்டுகள் போட்டுவைக்கிற மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டு அடியில் சொருகினேன். அவர் வீடு முழுக்கத் தேடினார். ஷூ எங்கே என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசாமலே இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்படியென்றால் நீ மட்டும் ஏன் ஓடினாய் என்று கேட்பீர்கள். நிறுத்திவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். அவர்தான் கேட்கவில்லை. "வீட்டுல ஒருத்தராவது ஓடணும். இல்லன்னா பேக்கரிக்காரன் நம்மள மறந்துடுவான்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த பந்தயங்களுக்கு அவர் பேக்கரிக்கு வந்து டீ ஊற்றினார். முதல் தடவை, பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார். "இந்த மேம்பாலம் இருக்கே, அதுல ஏறும்போது..." என்று தொடங்கியதும், பஸ் ஓட்டுகிற டிரைவர் தம்பி கையைத் தூக்கினான். "ரேடியோண்ணே! ஓடாதவங்க பேசக் கூடாது!" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்புக்கு நகர்ந்தார்.

பேக்கரிக்காரர் மனசு பொறுக்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, அவனுக்கு மட்டும் விதியத் தளர்த்திடலாமே. பழைய கதையாவது சொல்லிட்டுப் போகட்டும். அவன் பேசாம உக்காந்திருக்கறதப் பாக்கச் சகிக்கல."

"வேண்டாண்ணே. பேச விட்டா ஆசை வரும். ஆசை வந்தா கால் தானா ஓடும். டீயே ஊத்தட்டும்" என்றேன்.

அப்போது நான் சொன்னது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.  அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியைக் கழற்றி, திரும்ப மாட்டினார். அடுத்த பந்தயத்துக்குப் பிறகும் அதே விசிறிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்தான் என் நெஞ்சில் நம்பர் துணியைக் குத்திவிட்டார். நாலு மூலைக்கும் நாலு ஊக்கு. நம்பருக்கு உள்ளேயே நேரத்தைப் பதிவு செய்கிற சில்லு இருக்கும். பின்பக்கம் நம் பெயர், இரத்த வகை, ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்று ஒரு போன் நம்பர், மூன்றையும் எழுதியிருக்க வேண்டும். என்னுடையதை அவர் திருப்பிப் பார்த்தார். அவருடைய போன் நம்பரை நான் சரியாக எழுதியிருந்தேன்.

"மேம்பாலத்துல ஏறும்போது அவசரப்படாத. இறங்கும்போது விட்டுப் பிடி. இன்னிக்கி ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடணும், தெரியுதா?" என்றார். "எனக்குக் கவுன்ட்டர்ல சரக்கு வருது. அத எண்ணி வாங்கி வச்சுட்டு நேரா பேக்கரிக்கு வந்துடறேன்."

முகம் அப்படி மலர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சரக்கு எண்ணுவதற்கு எந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததில் எனக்கும் தலைகால் புரியவில்லை.

பந்தயத்தில் ஆண்களை முதலில் விடுவார்கள், அரை மணி நேரம் கழித்துப் பெண்களை. அன்றைக்கு எனக்குக் கால் இறகு மாதிரி இருந்தது. மேம்பாலத்தில் அவர் சொன்னபடியே பொறுமையாக ஏறி, இறக்கத்தில் விட்டுப் பிடித்தேன். எட்டாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் நடைபாதையோரம் ஒரு சின்னக் கூட்டம் குனிந்து நின்றது. நடுவில் யாரோ விழுந்து கிடந்தார்கள். ஆட்களுக்கு நடுவே கால்கள் மட்டும் தெரிந்தன. பச்சை நிறக் காலணிகள், அழுக்கே படாதவை. அந்த மாதிரி காலணியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. யாரோ, பாவம் என்று நினைத்தேன். ஏற்கெனவே நாலைந்து பேர் நிற்கிறார்கள், நானும் போய் நின்று என்ன ஆகப்போகிறது என்றும் நினைத்தேன். கையைத் திருப்பி நேரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க இன்னும் வாய்ப்பிருந்தது.

முடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன். கோட்டைத் தாண்டிய உடனே அவருக்குத்தான் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டி எண்ணிக்கொண்டிருப்பவர் எப்படிப் போனை எடுப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேக்கரிக்குப் போனால் வாத்தியார் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவர், என் வீட்டுக்காரரைவிடக் கொஞ்சம் சின்னவர். பேர் கொடுத்திருந்தும், முட்டி வீங்கிப் போனதால் அவர் ஓடவில்லை. "என்ன வாத்தியாரே, இன்னிக்கி நீங்களா டீ மாஸ்டர்?" என்றேன். சிரித்தார், ஆனால் கண் வாசலிலேயே இருந்தது. பேக்கரிக்காரருக்குப் பக்கத்து மூட்டைமேல் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் சுத்தமான துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருந்தார்கள்.

"எங்க வீட்டு ஆளு எங்கண்ணே? இன்னுமா வரல?"

டிரைவர் தம்பி கண்ணடித்தான். "ரேடியோ இன்னும் ஆன் ஆகலக்கா. ஆன் ஆனா இன்னிக்கி நிறுத்தவே முடியாது."

"ஓடாதவருக்கு என்னடா ரேடியோ?"

ஆண்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு ஒரு நல்ல நாள் வந்திருக்கிறது, அதைச் சொல்ல விடாமல் இவர்கள் என்னவோ ரகசியம் வைத்துக்கொண்டு விளையாடுகிறார்களே என்று. பேக்கரிக்காரர் வேறு, "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்குப் பொறுக்கணும்? கேஷியர் அக்காதான் கடைசி. அவங்க வந்தாச்சு. ஆரம்பிங்கக்கா" என்றேன்.

கேஷியர் அக்கா வங்கியில் வேலை செய்கிறவர். அவருக்கும் எதுவும் தெரியாது. கட்டைவிரல் நகம் பெயர்ந்ததில் தொடங்கினார். பாதி வழியில் பக்கத்தில் ஓடிய ஒரு பெண் அழுததையும், இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு மேம்பாலம் ஏறியதையும் சொன்னார். "இறங்கி வந்தா ஆம்புலன்ஸ் நிக்குது. யாரையோ தூக்கி ஏத்துறாங்க."

"நானும் பாத்தேங்க்கா" என்றேன். நான் நடுவில் பேசியது விதிப்படி தப்பு. "வெறும் வயித்துல வந்து பவுசு காட்டியிருப்பாங்க. முடியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதானே?"

இந்த வாயால்தான் சொன்னேன்.

அப்போதுதான் வாத்தியாரின் போன் அடித்தது. ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் போன். அவர் மனைவி கத்துவது எங்களுக்கே கேட்டது. "ஏங்க... நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏம்மா, அதுல உனக்கு ஏதாவது வருத்தமா?" என்றார் வாத்தியார்.

அறையே சிரித்தது. எல்லாருக்கும் மேலே நான் கத்தினேன். "டீ ஊத்துறவங்க அவ்வளவு சீக்கிரம் சாகமாட்டாங்கன்னு சொல்லுங்க!"

அந்தப் பக்கம் அவர் மனைவி அடுத்து என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வாத்தியாரின் முகம் மட்டும் தெரிந்தது. கையிலிருந்த பிளாஸ்க் சாய்ந்து, கப் நிரம்பி, மேசையில் வழிந்து, மாவில் கலந்து ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. பேக்கரிக்காரரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணி" என்றார். "அண்ணனுக்கு... ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மிச்சத்தை டிரைவர் தம்பி வண்டியில் போகும்போது அழுதுகொண்டே சொன்னான். வாத்தியார் ஓடவில்லை என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் அவர் வீட்டுக்குப் போய் நம்பரைக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை, முக்கால்வாசி நடந்தே போய்விடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். காலணி இல்லையே என்றதற்கு, வாத்தியார் இந்தப் பந்தயத்துக்காக வாங்கி இன்னும் போடாமல் வைத்திருந்த புது ஜோடியையும் கேட்டு வாங்கியிருக்கிறார். வாத்தியார் நம்பரின் பின்பக்கம் தன் பெயரையும் தன் மனைவியின் போன் நம்பரையும் முன்பே எழுதிவிட்டிருந்தார். அதை அடித்து மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் தன்னுடைய போனை ஓட்டத்துக்கு எடுத்துப் போகவுமில்லை. அது பேக்கரிக்காரரின் கல்லாப்பெட்டியில் கிடந்து, நான் கூப்பிடக் கூப்பிட அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"மூணாவது கிலோமீட்டர் வரைக்கும் நான் கூடவே போனேங்க்கா. நல்லாத்தான் இருந்தாரு. மெதுவாத்தான் வந்தாரு. 'நீ போடா, நான் கடைசியா வரேன். கடைசியா வந்தாத்தானே முதல்ல பேசலாம்'னு சொன்னாரு. உங்க முன்னாடி உக்காந்து பேசணுமாம். நீங்க வாயப் பொளக்கறதப் பாக்கணுமாம்."

எனக்கு அழுகை வரவில்லை. கொன்றுவிடலாம் போல இருந்தது. அவனையா, வாத்தியாரையா, கிடந்து போராடுகிற அந்த மனுஷனையா, யாரை என்று தெரியவில்லை. அப்போது அவர் போராடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முன்மேசைப் பெண் பெயரைக் கேட்டாள். என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். அப்படி யாரும் வரவில்லை என்றாள். பந்தயத்திலிருந்து கொண்டுவந்த ஆள் ஒருவர்தான் என்று வாத்தியாரின் பெயரைப் படித்தாள். "அவருக்கு நீங்க என்ன வேணும்? அவங்க மிஸஸுக்குச் சொல்லியிருக்கு, வந்துட்டிருக்காங்க."

"அது நான்தாங்க" என்றார் வாத்தியார் பின்னாலிருந்து.

அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். அவர் உயிரோடு நின்று அந்தப் பெயர் தன்னுடையது என்கிறார். நான் அந்தப் பெயர் என் வீட்டுக்காரருடையது இல்லை, ஆனால் ஆள் என்னுடையவர் என்கிறேன். என் வீட்டுக்காரர் மட்டும் அங்கே இருந்திருந்தால் இந்த ஒரு காட்சியை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்.

சின்ன வயசு டாக்டர் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போதே மூச்சு இல்லை என்று சொன்னார். உள்ளே போனேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேச ஆரம்பிக்கும்போது எப்படித் திறக்குமோ, அப்படி. அந்த வாயை நான் எத்தனை தடவை மூடச் சொல்லியிருக்கிறேன். நெற்றியில் உப்புப் பூத்திருந்தது. துடைத்துவிட்டேன்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். பச்சைக் காலணிகள்.

அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. எட்டாவது கிலோமீட்டரில் விழுந்தார் என்று டாக்டர் சொன்னபோதுகூட என் மூளை அங்கே போகவில்லை. பையைத் திறந்து ஒன்றை வெளியே எடுத்தேன். வாத்தியாருக்குக் கால் பெரிது. உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார், கால் ஆடாமல் இருக்க. நான் சிவப்புப் பட்டை போட்டதை ஒளிக்காமல் இருந்திருந்தால் அவர் அதைத்தான் போட்டிருப்பார். ஆயிரம் காலுக்கு நடுவிலும் அதை எனக்குத் தெரிந்திருக்கும். நின்றிருப்பேன். நின்றால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. என் மடியில் தலை இருந்திருக்கும், அவ்வளவுதான். யாரோ நாலைந்து பேருக்கு நடுவில், அடுத்தவன் பெயரைக் குத்திக்கொண்டு அவர் கிடந்தபோது, நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடு என்று அவர்தான் சொன்னார். வந்துவிட்டேன்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. பேக்கரிக்காரர், டிரைவர் தம்பி, கேஷியர் அக்கா மூன்று பேரும் அதில் இருந்தார்கள். இன்னமும் அதே ஓட்டச் சட்டைகள், நெஞ்சில் நம்பர்கள். நானும் போய் உட்கார்ந்தேன். காலணிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வாத்தியார் மட்டும் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். வீங்கிய முட்டியோடு அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார். என்னைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தார்.

"அண்ணி, நான் வேணான்னுதான் சொன்னேன். அண்ணன்தான் கேக்கல. சத்தியமா சொல்றேன் அண்ணி, நான்..."

"நீங்க இன்னிக்கி ஓடலையே" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "ஓடாதவங்க பேசக் கூடாது."

பேக்கரிக்காரர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். சொன்ன பிறகுதான் எனக்கும் காதில் விழுந்தது. வாத்தியாரை ஒன்றும் செய்ய முடியாமல், அடிக்கக் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருக்கிறேன். என் வீட்டுக்காரரை அந்த மூட்டையிலிருந்து எழுப்பி ரோட்டுக்கு அனுப்பிய அதே மூன்று வார்த்தை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டேன். அவர் உட்கார்ந்தார்.

யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. டிரைவர் தம்பி தொண்டையைச் செருமினான், பிறகு குனிந்துகொண்டான். கேஷியர் அக்கா என் கையைப் பிடித்திருந்தார். அன்றைக்குக் கடைசியாக வந்தவர் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் பேசி முடிக்காமல் எங்களில் யாரும் பேச முடியாது.